புகைப்படத்துக்குக் கருத்துச் சொல்லும்போதும் கேட்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறார். இடப்பக்கமிருந்து வெளிச்சம் விழுகிறது. விரல்களும் ஊசிமுனையும் தெளிவாக இருக்கின்றன, முகம் லேசாக மங்கியிருக்கிறது. வலது மூலையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி பாதி தெரிகிறது.

படம் எடுத்தவர் கேமராவுக்குப் புதியவர். படத்தை இணையத்தில் போட்டு, எப்படி இருக்கிறது, திருத்தம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நான் சில விநாடிகள்தான் பார்த்திருப்பேன். “கண்ணில் ஃபோகஸ் இல்லை” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆளை எடுத்தால் கண்ணில் ஃபோகஸ் வேண்டும் என்பது நான் படித்த பாடம். இரண்டு நாள் கழித்து, அதே பாட்டியை அதே இடத்தில் உட்காரவைத்து மறுபடி எடுத்துப் போட்டிருந்தார். இப்போது கண் தெளிவாக இருந்தது, ஊசி மங்கிவிட்டது, வாளி அப்படியே இருந்தது. முதல் படத்தில் இருந்த உயிர் இதில் இல்லை. அப்போதுதான் முதல் படத்தை நிதானமாகப் பார்த்தேன். அது பாட்டியின் முகத்தைப் பற்றிய படமே இல்லை, அந்த ஊசிமுனையைப் பற்றிய படம். முகம் மங்கியிருந்ததால்தான் பார்வை விரல்களில் நின்றது. நான் சொல்லியிருக்க வேண்டியது வாளியைப் பற்றி.

ஒரு படத்தை முதல்முறையாகப் பார்க்கும் வாய்ப்பு அதை எடுத்தவருக்குக் கிடைப்பதே இல்லை. எடுத்த நேரத்து வெயில், பேச்சு, பரபரப்பு எல்லாம் அவர் மனதில் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் மூலையில் இருக்கும் வாளி அவர் கண்ணில் படாது. அந்த முதல் பார்வை நம்மிடம்தான் இருக்கிறது, அவர் கேட்பதும் அதைத்தான். நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள் அதைக் கொடுக்காமல் வேறு எதையோ கொடுப்பதில்தான் தொடங்குகின்றன.

பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு

“சூப்பர்”, “செம”, “ஏதோ குறையுது” எல்லாம் ஒரே வகைதான். எதை வைத்து அப்படிச் சொன்னோம் என்பது எடுத்தவருக்குத் தெரியாது. கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் விமர்சனத்துக்கு நான்கு படிகள் சொன்னார்: என்ன இருக்கிறது என்று விவரிப்பது, அவை எப்படி அமைந்திருக்கின்றன என்று ஆராய்வது, என்ன சொல்கிறது என்று பொருள்கொள்வது, கடைசியாக மதிப்பிடுவது. நாம் பெரும்பாலும் நான்காம் படியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

முதல் படி ஒன்றைச் செய்தாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும். “என் பார்வை முதலில் விரலுக்குப் போனது, அங்கிருந்து சிவப்பு வாளிக்குத் தாவியது, அப்புறம் திரும்பி வரவே இல்லை.” இதில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது எடுத்தவருக்கே புரிந்துவிடும்: வலது ஓரத்தை கிராப் செய்யலாம், அதாவது வெட்டிவிடலாம், சிவப்பை மட்டும் அடக்கலாம், அடுத்தமுறை எடுப்பதற்குமுன் வாளியை நகர்த்தி வைக்கலாம்.

பாராட்டுக்கும் இதே கணக்குதான். குறையைச் சொல்வதற்கு முன் மெத்தை போடுவதுபோல “நல்லா இருக்கு, ஆனால்…” என்று தொடங்குவதில் பலனில்லை. ஜன்னல் வெளிச்சம் நகத்தின் விளிம்பில் ஒரு கோடாக நிற்பது அழகு என்று இடத்தைச் சுட்டிச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த திருத்தத்தில் அவர் அதையே அழித்துவிடக்கூடும்.

விதியை அளவுகோலாக நீட்டுவதும் பார்க்காமல் சொல்வதில்தான் சேரும். படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தப் பிரிவுக் கோடுகளில் வைக்கச் சொல்வது மூன்றில் ஒரு பங்கு விதி. அந்தப் பெயரை 1797-இல் எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர். அவர் பேசியது நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு 42 ஆண்டுகள் கழித்து, 1839-இல்தான். நல்ல வழிகாட்டிதான், ஆனால் முகத்தை நட்டநடுவில் வைத்த படம் அந்த ஒரு காரணத்துக்காகத் தப்பாகிவிடாது. நடுவில் வைத்ததால் பார்வைக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

“ஷார்ப்பாக இல்லை”

அடிக்கடி எழுதப்படும், மிகக் குறைவாக உதவும் வாக்கியம் இது. ஒரு படம் மங்குவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. காரணத்தைப் படத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், சின்ன விளக்குப் புள்ளிகள்கூடக் கோடாகியிருந்தால், அது கை குலுங்கியது. 200 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து 1/60 விநாடியில் எடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். லென்ஸின் குவிய நீளம், அதாவது அந்த 200 என்ற எண், எவ்வளவோ அதற்கு ஏற்ப ஷட்டர் வேகத்தை 1/200 விநாடி அல்லது அதைவிட வேகமாக வைப்பது பழைய கணக்கு. குலுக்கலைக் குறைக்கும் வசதி லென்ஸிலோ கேமராவிலோ இருந்தால் கொஞ்சம் சலுகை கிடைக்கும். சுற்றியுள்ளவை தெளிவாக இருந்து ஓடுகிற குழந்தை மட்டும் மங்கியிருந்தால், அது அசைவு. அதற்கு 1/500 அளவு வேகம் தேவைப்படலாம், மேலே சொன்ன வசதி உதவாது. முகம் மங்கி, காதோ பின்னால் இருக்கும் செடியோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. லென்ஸின் திறப்பை எஃப் 1.8 என்று அகலமாக வைத்துப் பக்கத்தில் நின்று எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கியும் போவது சகஜம். திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்குப் போனால் தெளிவாக விழும் ஆழம் கூடும்.

“ஓரத்திலுள்ள விளக்கும் இழுபட்டிருக்கிறது, கை குலுங்கியிருக்கும், ஷட்டரைக் கூட்டிப் பாருங்கள்” என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த நூறு படங்களுக்கு அது உதவும்.

சரி, மங்கல் வேண்டுமென்றே வைத்ததாக இருந்தால்? பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸில் எடுத்த, தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் படம் உலகப் புகழ்பெற்றது. அதில் குதிப்பவர் மங்கலாகத்தான் இருக்கிறார், அந்தத் தாவலின் வேகமே அந்த மங்கல்தான். அதனால் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள்: “முகத்தை மங்கலாக விட்டது நினைத்துச் செய்ததா?” அன்று நான் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த இரண்டாவது படம் தேவைப்பட்டிருக்காது.

நிறத்தையும் வெளிச்சத்தையும் பற்றிச் சொல்வதற்குமுன் உங்கள் திரையைப் பாருங்கள். போனில் இரவு நேர மஞ்சள் வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தால் எல்லாப் படமும் மஞ்சள்தான். கேட்காமல் அடுத்தவர் படத்தை எடிட் செய்து போடாதீர்கள். படத்தில் இருக்கும் மனிதரின் தோற்றத்தை விமர்சிக்கவே கூடாது, அவர் நம்மிடம் கருத்துக் கேட்கவில்லை.

படம் போட்டவர் பக்கம்

“எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். “பார்வை எங்கே போகிறது? வானம் அதிகமா?” என்று கேளுங்கள். ஆனால் படத்தின் கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ‘ஊசிமுனைதான் முக்கியம்’ என்று எழுதிவிட்டால் எல்லோரும் ஊசியைத்தான் தேடுவார்கள், முதல் பார்வை கெட்டுவிடும். பன்னிரண்டு படங்களை ஒன்றாகக் கொட்டுவதும் வேண்டாம். உண்மையில் மகிழ்ச்சியைப் பகிர மட்டும் போடுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், அதில் குறை ஒன்றுமில்லை.

நான் நெடுநாள் செய்த தவறு, உடனே பதில் வாதம் செய்வது. ஒரு விடியற்காலைப் படத்தில் முன்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று மூன்று பேர் தனித்தனியே சொன்னார்கள். இருட்டில் மலை ஏறியது, குளிரில் விரல் மரத்தது, மேகம் விலகக் காத்திருந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். பட்ட பாடு எதுவும் ஃப்ரேமுக்குள் இல்லை. மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கல் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அவர்கள் சொல்லும் தீர்வு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் கிராப் என்றார், இன்னொருவர் நிழல் பகுதியை வெளிச்சமாக்கச் சொன்னார். தடுக்கிய இடத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, தீர்வை நாமே தேடலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: யார் எதைச் சொன்னாலும் அன்றைக்கே மாற்றிவிடுவது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் நிலா எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்ப அச்சுகளில் வானம் வெளிறியிருக்கும், பிற்கால அச்சுகளில் கிட்டத்தட்ட கறுப்பு. படத்தை ஒரு வாரம் கிடப்பில் போட்டுவிட்டுத் திரும்பப் பார்க்கலாம், அவசரம் ஒன்றுமில்லை. மூல ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள்.

ஊசிப் படத்தை எடுத்தவர் அழிக்கவில்லை. நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றும், முதல் படத்தில் வாளியை மட்டும் பாருங்கள் என்றும் அவருக்கு எழுதினேன். வலது ஓரத்தை வெட்டி மறுபடி அனுப்பினார். கீழே ஒரு வரி: “எந்த வாளி என்று தேட வேண்டியிருந்தது. நீங்கள் சொல்லும்வரை அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.”