குளிர்காலச் சோர்வு: கேப் டவுனுக்குப் புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் அடுக்ககத்துக்கு மே மாதம் குடிவந்த திருநெல்வேலித் தம்பி ஒருவர் ஜூன் கடைசியில் கதவைத் தட்டினார். "அண்ணே, பத்து மணி நேரம் தூங்கியும் எந்திரிக்க முடியல. சோத்த அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டே இருக்கேன். யாரோடயும் பேசப் பிடிக்கல." பருவகால மனச்சோர்வு என்று அவரே படித்துத் தெரிந்துகொண்டு, அதற்கென்றே விற்கும் பளிச்சென்ற வெளிச்ச விளக்கும் வாங்கியிருந்தார். எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி, வேல முடிஞ்சு வந்ததும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, 2023-இல் இருந்த என் மேல்.

நடக்கணும், குடியைக் குறைக்கணும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ராத்திரியில் விளக்குப் போடுவது

தென்னாப்பிரிக்கா முழுக்க ஒரே நேரம். அது கிழக்கே டர்பன் பக்கத்துக்குப் பொருந்தும், மேற்கே இருக்கும் நமக்குப் பொருந்தாது. ஜூன் கடைசியில் டர்பனில் 6.50 வாக்கில் விடிந்துவிடும், இங்கே 7.50 ஆகும். எட்டு மணி வேலைக்கு இருட்டிலேயே கிளம்புகிறோம். காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பின்தங்கிப் போகும். விளக்கின் வேலை அதை முன்னுக்கு இழுப்பது. அதே வெளிச்சத்தை ராத்திரியில் காட்டினால் கடிகாரம் இன்னும் பின்னுக்குப் போகும்.

இது தெரியாமல்தான் நான் கெட்டேன். 2023-இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. காலையில் பல நாள் மின்சாரம் இருக்காது. சரி, வெளிச்சம் வெளிச்சம்தானே என்று ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். அதுவும் அறையின் அந்தக் கோடியில் வைத்துக்கொண்டு. இரண்டே வாரத்தில் தூக்கம் இரண்டு மணிக்குத் தள்ளிப்போனது. அலாரம் அடித்தது காதில் விழவில்லை, காலைக் கூட்டங்கள் தவறின, கடைசியில் வேலை ஒப்பந்தமே புதுப்பிக்கப்படவில்லை. விளக்கு ஏமாற்று வேலை என்று அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டேன். அடுத்த குளிர்காலமும் அப்படியே பாழாய்ப் போனது. அந்த விளக்கில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கு, அரை மணி நேரம். முகத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு கை நீளத்துக்குள்தான். அதை முறைத்துப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் வைத்துக்கொண்டு காபி குடிக்கலாம். கண் நோய் உள்ளவர்களும், பைபோலார் (மனம் சோர்வுக்கும் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பைபோலார் உள்ளவர்களுக்கு இந்த வெளிச்சமே மனதை மறுகோடிக்குத் துரத்திவிடக்கூடும்.

மின்சாரம் இல்லையா? விடிந்ததும் வெளியே போய் நில்லுங்கள். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகல்கூட ஆயிரக்கணக்கில் தரும்.

விளக்கை அக்டோபரில் தொடங்குவது

கூகுளில் கிடைப்பவை பெரும்பாலும் வடகோளக்காரர்கள் எழுதியவை. அக்டோபர் நமக்கு வசந்தம். இங்கே சித்திரை பிறந்ததுமே ஆயத்தமாகிவிட வேண்டும். டர்பன் மாரியம்மன் கோயில்களில் ஆடிக் கஞ்சி ஊற்றுவதே குளிர்காலத்தில்தான்!

ஜோகன்னஸ்பர்க் நண்பர் பேச்சைக் கேட்பது

"குளிர்காலத்துல என்னப்பா சோர்வு, வெயில் பளிச்சுன்னு அடிக்குதே" என்பார். அவர் ஊரில் அடிக்கும். அங்கே மழை கோடையில் பெய்யும், நமக்கோ குளிர்காலத்தில். 1984-இல் இந்த நோயை விவரித்துப் பெயர் சூட்டிய குழுவில் முதன்மையான நார்மன் ரோசந்தால் ஜோகன்னஸ்பர்க்காரர்தான். அமெரிக்காவுக்குப் போய் அங்கத்திய குளிர்காலத்தை அனுபவித்த பிறகுதான் அவருக்கே இது உறைத்தது.

வைட்டமின் டி

குறைபாடு இருந்தால் சாப்பிடுங்கள். விளக்குக்கு மாற்று அல்ல.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்

மனச்சோர்வுக்கு விற்கும் மூலிகைதானே என்று நீங்களாக வாங்காதீர்கள். கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து.

சனி, ஞாயிறு மதியம்வரை தூங்குவது

கடிகாரம் மறுபடி பின்னுக்குப் போய்விடும், ஐந்து நாள் உழைப்பு வீண்.

செப்டம்பரில் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்துவது

வெயிலைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

காத்திருப்பது

உயிரோடு இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் விளக்கைத் தேடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. தனியாகப் போக வேண்டாம், என் கதவைத் தட்டுங்கள்.