முதல் மழைக்கு முன்னாலேயே: கடலைக் கொல்லைக்கும் ஆட்டுப் பட்டிக்கும்

ஒடுகத்தூர் பக்கம் ஆடி மழை சொல்லிக்கொண்டு வராது. பகலெல்லாம் காற்று புழுதியை வாரி இறைக்கும். சாயங்காலம் ஜவ்வாது மலை மேல் கருக்கும். ராத்திரி இடியோடு ஒரு பாட்டம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். விடிந்ததும் ஆளாளுக்கு டிராக்டர் தேடி ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் கவனத்துக்குத் தப்பிவிடுவது இரண்டு: நிலக்கடலைக்கு வரும் சிவப்புக் கம்பளிப்புழு, ஆட்டுக்கு வரும் துள்ளுமாரி நோய். இரண்டையும் கிளப்பிவிடுவது அதே முதல் மழைதான். விதைப்பதுதான் மழைக்குப் பிறகு செய்கிற வேலை. மற்றதில் பெரும்பாலானதை மழைக்கு முன்னாலேயே முடித்து வைக்க வேண்டும்.

எங்களுக்குக் கிணறு இல்லாத செம்மண் கொல்லை, ஒரு பட்டி செம்மறி, ஒரு கறவை மாடு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் பழைய வட ஆற்காட்டின் மானாவாரிக் குடும்பங்கள் பலவற்றின் நிலவரம் இன்னும் இதுதான். கிணற்றுப் பாசனக்காரர்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குத்தான் முன்கூட்டியே நாள் வேண்டும். கோடை முழுக்கச் சருகும் வேலங்காயும் தின்று கிடந்த ஆடு, மழை பெய்து நாலைந்து நாளில் முளைக்கும் தளிர்ப்புல்லை வயிறு முட்ட மேயும். குடலில் ஏற்கனவே கொஞ்சமாக இருக்கும் கிருமி, அந்தத் தீனியில் மளமளவென்று பெருகி விஷத்தைக் கக்கும். நோஞ்சானைவிட, பட்டியிலேயே கொழுகொழுவென்று இருப்பதைத்தான் பெரும்பாலும் முதலில் அடிக்கும். நேற்று நன்றாக மேய்ந்து வந்தது விடியலில் விறைத்துக் கிடக்கும். நாம் பார்க்கும்போதே வந்தால், ஒரு துள்ளு துள்ளி, தலையைப் பின்னால் வளைத்து, பல்லை நறநறவென்று கடித்துக் கீழே விழும். அப்புறம் மருத்துவருக்குப் போன் போட்டு அவர் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பார்க்கிறவர்கள் பாம்பு தீண்டிவிட்டது என்பார்கள், கண்ணேறு என்பார்கள்.

இதற்குத் தடுப்பூசிதான் வழி. ஊசி போட்டதும் அன்றே காப்பாற்றாது. உடம்பில் எதிர்ப்பு ஊற இரண்டு வாரம் போலப் பிடிக்கும். முதல் தடவை போடுகிற ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊசியும் வேண்டும். ஆகவே ஆனி பிறந்ததுமே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லி வையுங்கள். போன வருடம் போட்டதுதானே என்று விட வேண்டாம், துள்ளுமாரிக்கு வருடா வருடம் போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி வேறு. அது ஒருமுறை போட்டால் மூன்று வருடம் போலத் தாங்கும். பக்கத்து வீட்டுப் பட்டியையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவருக்கும் ஒரே நடையில் வேலை முடியும். மாடோ ஆடோ திடீரென்று முடியாமல் படுத்துவிட்டால் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். பலருக்கு இது இன்னும் தெரியவில்லை.

ஊசிக்குப் பத்து நாள் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். இங்கே எல்லோரும் செய்கிற காரியம், எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி அளந்து ஊற்றுவது. பெரிய கிடாவுக்கு அது பத்தாது, குட்டிக்கு அதிகம். பத்தாமல் கொடுத்தால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு சாக்கை ஏணையாகக் கட்டி, சின்னது, நடுத்தரம், பெரியது என்று வகைக்கு ஒன்றை நிறுத்துப் பார்த்தாலே அளவு பிடிபடும். சில மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகாது. சினை ஆடு எது என்பதை மருந்து வாங்கும்போதே சொல்லுங்கள்.

மழை விழுந்த பிறகு ஒரு பழக்கம் போதும். காலையில் பட்டியைத் திறக்கும் முன் ஆட்டுக்கு ஒரு கை போல உலர்ந்த கடலைக்கொடி போட்டு, பனி காய்ந்த பிறகே ஓட்டுங்கள். வெறும் வயிற்றோடு பச்சையில் பாயாது. ஈரப் புல் நுனியில் ஏறி நிற்கும் புழுக்குஞ்சும் குறைவாகத்தான் உள்ளே போகும். சோளம் போட்டவர்கள் கூடுதலாக ஒரு கண் வைக்க வேண்டும். வாடிக் கிடந்த இளஞ்சோளம் மழைக்குத் துளிர்க்கும்போது அதில் விஷம் ஏறியிருக்கும். பூ எடுக்கும் முன் மாட்டையோ ஆட்டையோ அதில் விடவே கூடாது.

சரி, இனி கொல்லைக்கு வருவோம்.

கம்பளிப்புழுவை முற்றிய பிறகு அழிப்பது கஷ்டம். உடம்பெல்லாம் மயிர் மூடினால் மருந்து சரியாகப் பிடிக்காது. அதன் சரித்திரம் தெரிந்தால் வேலை எளிது. போன வருடம் தின்று கொழுத்த புழு வரப்போரத்திலும் மரத்தடி நிழலிலும் ஒரு சாண் ஆழத்துக்குள் கூட்டுப்புழுவாகப் புதைந்து, பத்து மாதம் அசையாமல் கிடக்கிறது. பலத்த மழையில் மண் நனைந்ததும் அந்திப்பொழுதில் அந்துப்பூச்சியாக வெளியே வந்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். அந்த ஒரு தலைமுறையின் வாசலில் நாம் காத்திருந்தால் போதும்.

கோடை உழவு இதற்காகவும்தான். சித்திரை வைகாசியில் பெய்யும் மழையைப் பிடித்து ஓர் உழவு ஓட்டினால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் சாகும். மைனாவும் கொக்கும் கலப்பைக்குப் பின்னாலேயே வந்து பொறுக்கும். டிராக்டர் எட்டாத வரப்போரத்தையும் புங்கமரத்தடியையும் மண்வெட்டியால் கொத்திவிடுங்கள், புழு அதிகம் ஒளிவது அங்கேதான்.

பலத்த மழை பெய்த அன்றும் அடுத்த சில ராத்திரிகளும் ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை விளக்குப் பொறி வையுங்கள். அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் போதும். மின்சாரம் இல்லாத கொல்லையில் வரப்போரம் சருகைக் கூட்டித் தீ மூட்டலாம், காற்றைப் பார்த்துக்கொண்டு. வீட்டுத் தெருவிளக்கைச் சுற்றி வெள்ளை இறக்கையில் மஞ்சள் கோடு போட்ட பூச்சி மொய்த்தால் அதுதான் அடையாளம். ஒரு வீடு மட்டும் செய்தால் பக்கத்துக் கொல்லைப் பூச்சி பறந்து வந்துவிடும். இது ஊர் கூடித் தேர் இழுக்கிற வேலை.

தப்பிய முட்டைக்கு இரண்டாவது காவல், கொல்லையைச் சுற்றி ஒரு வரிசை காராமணி. புழு முதலில் அதில் ஏறும். ஆமணக்கும் போடலாம் என்பார்கள், ஆனால் ஆடு வளர்க்கிற வீட்டுக்கு ஆமணக்கு எனக்குப் பிடிக்காது. அதன் இலையை ஆடு நிறையத் தின்றால் ஆபத்து. காராமணி என்றால் நமக்குக் குழம்புக்காவது ஆகும். பொரித்த குஞ்சுகள் முதலில் ஒரே இலையில் கும்பலாக இருந்து அடிப்பக்கத்தைச் சுரண்டும், இலை வெளுத்துச் சல்லடையாகும். அந்த இலையை அப்படியே கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். குழந்தைகள்கூடச் செய்யலாம், புழுவின் மேல் கை படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

விதை விஷயத்தில் ரகத்தைவிட நாளைத்தான் முதலில் பார்ப்பேன். திண்டிவனம், விருத்தாசலம் ரகங்கள் நூறு, நூற்றைந்து நாள், ஒன்றிரண்டு வாரம் முன்னே பின்னே. ஆந்திர எல்லையைத் தாண்டி வரும் கதிரி லேபாக்ஷி ரகம் காய் நிறையப் பிடிக்கிறது, வறட்சியும் தாங்குகிறது, ஆனால் இன்னும் இரண்டு வாரம் கூடுதலாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. நீண்ட நாள் ரகத்தை ஆடிக் கடைசியில் போட்டால் ஐப்பசி அடைமழையில்தான் பிடுங்க வேண்டியிருக்கும். கொடி ஓடாமல் கொத்தாக வளரும் நிலக்கடலைக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய பிறகு ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ஆனிக் கடைசியில், ஆடி முதல் வாரத்தில் பதம் கிடைத்தால் உங்களுக்குப் பிடித்த ரகம். ஆடிப்பெருக்கும் தாண்டிவிட்டால் குறுகிய நாள் ரகம் மட்டும்.

ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பு வேண்டும். மெஷினில் உடைத்தால் தோல் கீறி முளைப்பு குறையும். என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து கையால் உடைத்து, தோல் உரிந்ததையும் மூக்கு உடைந்ததையும் சட்னிக்கு என்று தனியாகத் தள்ளுவார். அதைவிடப் பெரிய விதைப் பரிசோதனை நான் பார்த்ததில்லை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்து, விதைக்கிற அன்று ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைச் சேர்த்துப் புரட்டி நிழலில் கொஞ்சம் உலர்த்துங்கள். டிரைக்கோடெர்மாவோடு ரசாயனப் பூசணக்கொல்லி சேர்க்கக் கூடாது, அதுவே அதைக் கொன்றுவிடும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போனால் உங்கள் மண்ணுக்கு எவ்வளவு உரம் என்றும் கேட்டுவிடலாம். ஆறு வரிசைக் கடலைக்கு ஒரு வரிசை துவரை ஊன்றினால் கடலை கைவிட்டாலும் அது நிற்கும்.

நடுவில் ஒரு வேலையைத்தான் அழுத்திச் சொல்வேன்: ஜிப்சம். விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஈரம் இருக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ தூவி, களை கொத்தி மண் அணைத்துவிட வேண்டும். கடலைக்காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகத்தான் எடுத்துக்கொள்ளும். அது கிடைக்காத காய் பொக்காகிவிடும். மழை தள்ளிப்போனால் ஜிப்சத்தையும் தள்ளிப் போடலாம். ஆனால் பூவிலிருந்து காய் பிடிக்க இறங்கும் விழுது மண்ணுக்குள் போன பிறகு கொத்தாதீர்கள். ஒரு கொத்துக்கு நாலு காய் போகும்.

பிடுங்கும் நாளை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கொல்லையில் அங்கங்கே சில செடிகளைப் பிடுங்கி உடைத்துப் பாருங்கள், ஓட்டின் உள்பக்கம் கருத்திருந்தால் தயார். காட்டுப்பன்றி அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மோப்பம் பிடித்துவிடும். மலையடிவாரக்காரர்களுக்கு அந்த வாரம் தூக்கம் கிடையாது.

காய் ஆய்ந்த கொடியை வீட்டுக்கு ஏற்றும் முன் இரண்டு வெயிலாவது காட்டுங்கள். கீழே கல்லும் பனைமட்டையும் பரப்பி, அதன் மேல் போர் போட்டு, உச்சியில் தார்ப்பாய் மூடிக் கட்டுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கொடியும், கருத்துப் போன கடலைப் பருப்பும் மாட்டுத் தொட்டிக்குப் போகவே கூடாது. அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். பொய்கை செவ்வாய்ச் சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர்கள், வீட்டில் கொடி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். தை, மாசியில் கொடிக்கு விலை ஏறும்போது வைத்திருப்பவர்கள் எளிதில் விற்கமாட்டார்கள்.