ஆக்சானுக்கு நேராக ஒரே ஒரு புரதத்தின் பெயரை எழுதாதீர்கள்

நரம்புச் செல்லான நியூரானின் துருவத்தன்மையை, அதாவது அதன் ஒரு கிளை சேதி அனுப்பும் ஆக்சானாகவும் மற்றவை சேதி வாங்கும் டென்ட்ரைட்டுகளாகவும் பிரிவதைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ஆக்சானை உருவாக்கும் புரதம் எது?" என்றுதான். ஒரு புரதத்தின் பெயர், ஒரு அம்புக்குறி, ஆக்சான். குறிப்பேட்டில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எலிக்கருவின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலிருந்து நியூரான்களைப் பிரித்து ஆய்வகத் தட்டில் வளர்த்தால், முதல் நாளுக்குள்ளேயே ஒவ்வொன்றும் நாலைந்து குட்டைக் கிளைகளை நீட்டும். எல்லாம் ஒரே மாதிரி, நீள்வதும் சுருங்குவதுமாக இருக்கும். ஒன்றரை நாள் வாக்கில் ஒன்று மட்டும் விறுவிறுவென்று நீண்டு ஆக்சான் ஆகிறது. மற்றவை டென்ட்ரைட் ஆக இன்னும் சில நாள் பிடிக்கும். டாட்டி, சல்லிவன், பேங்கர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1988-இல் வகுத்த படிநிலைகள் இவை. எந்தக் கிளை ஜெயிக்கும் என்பது முன்பே முடிவானது என்று நினைத்துவிடக் கூடாது. இளம் ஆக்சானை வெட்டிவிட்டால், மிச்சமுள்ள கிளைகளில் ஒன்று, பெரும்பாலும் இருப்பதிலேயே நீளமானது, ஆக்சான் ஆகிவிடும்.

சரி, அப்படியானால் புரதங்கள் என்னதான் செய்கின்றன? கிளையின் நுனியில் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலை இளக வேண்டும், அதன் வழியே செல்லின் உள்சட்டமான நுண்குழல்கள் முன்னேறி உறுதிப்பட வேண்டும். சி.ஆர்.எம்.பி-2 என்ற புரதம், நுண்குழலின் கட்டுமானப் புரதமான டியூபுலினைப் பிடித்து நுண்குழல் வளர உதவுகிறது. ஜி.எஸ்.கே-3 என்ற நொதி சி.ஆர்.எம்.பி-2-இல் பாஸ்பேட்டை ஏற்றி அந்த வேலையைத் தடுக்கிறது. ஆக்சான் ஆகப்போகும் நுனியில் இந்தத் தடை தளர்கிறது.

பலரும் சறுக்கும் இடம் சோதனை முடிவுகளைப் படிப்பதில்தான். சி.ஆர்.எம்.பி-2-ஐ செல்லுக்குள் அளவுக்கு மீறி உற்பத்தியாக வைத்தால் ஒரே நியூரானில் பல ஆக்சான்கள் முளைக்கும். அந்தப் புரதத்தால் முடியும் என்பதற்குத்தான் அது சான்று. அது இல்லாமல் முடியாது என்பதற்கு அல்ல. நுண்குழல்களோடு ஒட்டிக்கொள்ளும் டாவ் புரதத்தைப் பாருங்கள். தட்டில் வளரும் நியூரானில் அதைக் குறைத்தபோது ஆக்சான் நின்றுபோனது. ஆனால் டாவ் மரபணுவே இல்லாத சுண்டெலிக்கு ஆக்சான்கள் வளர்ந்தன. அதற்காக டாவ் வீண் என்று சொல்வதும் அவசரம்தான், அதேபோல் நுண்குழலோடு ஒட்டும் எம்.ஏ.பி-1பி புரதத்தையும் சேர்த்து எடுத்தால் ஆக்சான் வளர்ச்சி மோசமாகக் குலைகிறது. சாட்-ஏ, சாட்-பி நொதிகளும் இப்படித்தான். ஒன்று போனால் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டும் போனால் ஆக்சான் எது, டென்ட்ரைட் எது என்ற வேறுபாடே கலைந்துபோகும்.

இன்னொன்று, எம்.ஏ.பி-2 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏறிய கிளையெல்லாம் டென்ட்ரைட் என்று முதல் நாட்களிலேயே எண்ணத் தொடங்காதீர்கள். அப்போது அந்தப் புரதம் இளம் ஆக்சானிலும் இருக்கும்.

தட்டில் கண்டதை அப்படியே மூளைக்குப் பொருத்துவதும் கூடாது. மூளையின் வெளியடுக்கான புறணியில் நியூரான் இடம்பெயர்ந்துகொண்டே வளர்கிறது. முன்செல்லும் கிளை டென்ட்ரைட்டாகிறது, பின்தங்கும் கிளை ஆக்சானாகிறது. அங்கே எல்.கே.பி.1 நொதியைத் தொடக்கத்திலேயே நீக்கினால் நியூரான் இடம்பெயரும், ஆக்சான் மட்டும் உருவாகாது. பிறந்த நியூரானிலிருந்து பிறகு நீக்கினாலோ ஆக்சான் உருவாகிவிடும், அதன் முனைக் கிளைகள்தான் குறையும்.