மதுரை – கன்னியாகுமரி நன்கொடைச் சைக்கிள் பயணம்: ஒவ்வொரு நாளையும் நடத்தும் முறை

பழங்காநத்தத்தில் கிளம்பித் திருமங்கலம், விருதுநகர், சாத்தூர் வழியாகக் குமரிமுனை வரை ஏறத்தாழ 245 கிலோமீட்டர். இருபது பேர் கொண்ட குழுவுக்கு மூன்று நாள் சரியாக இருக்கும். முதல் நாள் கோவில்பட்டி வரை சுமார் 100, இரண்டாம் நாள் திருநெல்வேலி வரை 55 முதல் 60, மூன்றாம் நாள் குமரி வரை 85. நடுநாளைச் சின்னதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டாம் நாள் காலையில்தான் சீட்டில் உட்காரவே முடியாமல் போகும். பாதியில் சைக்கிளை விட்டு உதவி வண்டியில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் கால் வலியால் ஏறுவதில்லை, உட்காரும் இடத்துப் புண்ணால்தான் ஏறுகிறார்கள்.

மார்கழியின் பின்பாதியைத் தேர்ந்தெடுங்கள். முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் முதுகைத் தள்ளிக்கொண்டு போகும். ஆடியில் இதே பாதையில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயின் மேல்காற்று சைக்கிளையே சாய்த்துவிடும். அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதும் அதனால்தான். மார்கழி முதல் வாரம் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

காலை 4.15-க்கு எழுப்புங்கள். மண்டபத்தில் கழிப்பறை எத்தனை என்று முன்பதிவின்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டுப் பேருக்கு ஒன்றாவது இல்லாவிட்டால் புறப்பாடு கண்டிப்பாக அரை மணி நேரம் தள்ளிப்போகும், அந்த அரை மணி நேரத்தை உச்சி வெயிலில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு வாழைப்பழம், ஒரு டீ, 5.45-க்குச் சாலையில் இருக்க வேண்டும். மார்கழியில் சூரியன் உதிக்க 6.30 ஆகிவிடும். அதுவரை பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, மின்னும் பட்டை வைத்த சட்டை மூன்றும் இல்லாத ஒருவரைக்கூடக் கிளம்ப விடாதீர்கள். பனிமூட்டம் இறங்கினால் அது கலையும்வரை மண்டபத்திலேயே இருங்கள்.

ஆறேழு பேராகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் ஒற்றை வரிசையில் போகட்டும். முன்னால் போகிறவர் வழி தெரிந்தவராக இருந்தால் போதும். கடைசி ஆள்தான் குழுவிலேயே பொறுமைசாலியாக, பஞ்சர் ஒட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவரை யாரும் பின்னால் விடக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. வேகத்தை மெதுவாக வருகிறவரை வைத்துக் கணக்கிடுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் முதல் நாள் ஐந்தரை மணி நேர மிதி, ஒன்றேகால் மணி நேர ஓய்வு, 12.30 வாக்கில் கோவில்பட்டி. உதவிக்கு ஒரு குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) போதும். அது கூடவே ஊர்ந்து வராமல் 15 கிலோமீட்டர் முன்னால் போய், நிழல் உள்ள இடமாகப் பார்த்து நிற்கட்டும். நான்குவழிச் சாலையின் ஓரத்தில் எதிர்த்திசையில் பைக் வருவது அன்றாடம் நடப்பது. ‘எதிரே வண்டி’, ‘குழி’, ‘கண்ணாடி’ என்று முன்னால் போகிறவர் சத்தம் கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் அதைக் கடைசி ஆள் வரை கடத்த வேண்டும். பாலங்களில் ஓரம் ஒடுங்கிவிடும் என்பதால் முடிந்த இடத்திலெல்லாம் சர்வீஸ் ரோட்டில் இறங்கிப் போய் ஏறுங்கள்.

பஞ்சருக்கு இந்தப் பாதையில் இரண்டு காரணங்கள். ஒன்று சீமைக்கருவேல முள். இன்னொன்று வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி, இது கண்ணுக்கே தெரியாது. டியூபை மாற்றிய பத்தாவது நிமிடம் மறுபடி காற்று இறங்கினால் கம்பியோ முள்ளோ டயருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். டியூபைக் கழற்றியதும் கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்தருகே சுற்றினால் ஓட்டை தெரியும். வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளி என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் துணியால் உள்பக்கமாகத் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும், நகவெட்டியால் பிடுங்கலாம். வெறும் விரலை விட்டுத் தடவாதீர்கள். ஒட்டும்போது உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு போய்ப் பிசுபிசுப்பாகும் வரை மூன்று நான்கு நிமிடம் பொறுத்துத்தான் பேட்சை அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டிய பேட்ச் வெயில் ஏறியதும் நழுவிவிடும். சாலையில் நின்று ஒட்டுவதைவிட மாற்று டியூப் போடுவதே மேல். ஆளுக்கு இரண்டு வைத்திருக்கட்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று கட்டாயம், அது இல்லாமல் ஊர்ப் பஞ்சர் கடை கம்ப்ரசர் பொருந்தாது. பொருந்தினாலும் கம்ப்ரசரைச் சட்டுச் சட்டென்று தட்டித்தான் காற்று பிடிக்க வேண்டும், அழுத்திப் பிடித்தால் சின்ன டியூப் வெடித்துவிடும். காற்று அளவு 28 மி.மீ. டயருக்கு 80 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கலாம், 35-க்கு மேற்பட்ட டயர்களுக்கு 55 முதல் 60. சாத்தூர் தாண்டிக் கரிசல் பூமி. மழை பெய்திருந்தால் தார்ச்சாலையைவிட்டு இறங்கவே கூடாது, பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பிச் சக்கரம் நின்றுவிடும்.

சாப்பாடு: விருதுநகரில் 8.30-க்கு நான்கைந்து இட்லி. பொங்கல் சாப்பிட்டால் மந்தம் தட்டும். எண்ணெய் பரோட்டாவைத் திரும்பி வரும்போது சாப்பிட்டுக்கொள்ளலாம். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீர், இரண்டில் ஒரு பாட்டிலில் உப்பு இருக்கட்டும். லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். அதை வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். பையில் போட்டுக்கொள்ளக் கடலை மிட்டாயைவிட நல்லது எதுவும் இல்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயே வழியில் கிடைக்கிறது.

மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததும் சாப்பிடுவதற்கு முன்பே குளியல், துவையல். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசரை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு வேண்டும். அதற்குள் ஜட்டி போடக் கூடாது, தையல்தான் தொடையை அறுக்கும். கிளம்பும் முன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளலாம். எரிச்சல் தொடங்கும்போதே சொல்லச் சொல்லுங்கள். பெண்கள் சொல்லத் தயங்கினால் கேட்பதற்கென்று குழுவில் ஒரு அக்கா இருப்பது நல்லது.

மாலை 5 மணிக்கு எல்லாச் சைக்கிளையும் வரிசையாக நிறுத்திச் சங்கிலி, பிரேக் கட்டை, சக்கர நட்டு பாருங்கள். டயரைச் சுழற்றிப் பார்த்து, குத்தி நிற்பதை எல்லாம் அப்போதே பிடுங்கிவிடுங்கள். மண்டபச் சுவரில் பிளக் பாயிண்ட் குறைவு, நீள வயர் போட்ட ஜங்ஷன் பாக்ஸ் இரண்டு வேண்டும். ஏழுக்குள் சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கணைப்பு.

நிதி விஷயத்தில் ஒரே விதிதான்: நன்கொடைப் பணத்தில் ஒரு டீகூட வாங்கக் கூடாது. சாப்பாடு, மண்டபம், டீசல் எல்லாம் ஓட்டுகிறவர்களின் பங்களிப்பில். நன்கொடை நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. வழியில் டீக்கடையில் நீட்டப்படும் நூறு ரூபாய்க்கும் அங்கேயே ரசீது எழுதிக் கொடுங்கள், இரவு இருவர் சேர்ந்து அடிக்கட்டையோடு எண்ணிக் கையெழுத்துப் போடட்டும்.

குமரியிலிருந்து சைக்கிள்களை மினி லாரியில் ஏற்றும்போது கியர் உள்ள பக்கம் இன்னொரு சைக்கிளில் இடிக்காதபடி ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வைத்து, நடுவில் சாக்கு கொடுத்துக் கட்டுங்கள். பெடலைக் கழற்றினால் இடம் மிச்சமாகும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், அதைக் கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மறுபக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும்.