ஆமை தீனியைத் தொடாதபோது முதலில் பார்க்க வேண்டியவை

வண்ணமீன் கடைகளில் நாம் வாங்கும் குட்டி ஆமைகளில் பெரும்பாலானவை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை கொண்ட, வட அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட சிவப்புக் காது ஆமைகளே. (நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது கையில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.) சிவப்புக் காது ஆமைகள் இயல்பிலேயே பெருந்தீனிக்காரப் பிராணிகள். ஆள் நிழலைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து காலடிக்கும் ஆமை, ஒருநாள் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிடந்தால், பலரும் உடனே வேறு தீனி வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். அது வரிசை தவறிய வைத்தியம். சூடு, வெளிச்சம், தண்ணீர் ஆகிய மூன்றையும் சோதித்து முடித்த பிறகே தீனியின் பக்கம் வர வேண்டும்.

ஆமை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத பிராணி என்பதால், சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் குடலும் வேலை நிறுத்தம் செய்துவிடும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும், அது ஏறி உட்காரும் மேடை 30 முதல் 35 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும். வெயில் நாட்டில் குளிர் ஏது என்று நினைக்க வேண்டாம். மார்கழி, தை இரவுகளிலும், ஏ.சி. ஓடும் அறையிலும் தண்ணீர் இந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். கையை விட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், மீன் தொட்டிக்கான வெப்பமானியை ஒட்டி வைத்துக் காலையிலும் இரவிலும் பாருங்கள். குறைவாக இருந்தால், தானாக அணைந்து எரியும் தொட்டி ஹீட்டரை, ஆமை மோதி உடைக்காதபடி உறையுடன் பொருத்திப் படிப்படியாகச் சூடேற்றுங்கள். உடல் குளிர்ந்திருக்கும்போது வற்புறுத்தி ஊட்டிய தீனி வயிற்றிலேயே அழுகும். மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

அடுத்தது வெளிச்சம். ஆமைக்குத் தேவையான புறஊதா 'பி' கதிர்களைச் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால், சன்னலோரம் தொட்டியை வைத்திருப்பது வெயில் காட்டுவதாகாது. அதற்கென உள்ள விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போதே கதிரை இழந்துவிடும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். விளக்கு இல்லாதவர்கள், இளங்காலை வெயிலில் அரை மணி நேரம், பாதி நிழல் விழும் அகலமான டப்பில் விட்டு, காக்கை தூக்காதபடி பக்கத்திலேயே இருக்கலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் தண்ணீர் அளவுமீறிச் சூடேறி ஆமை செத்துவிடும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: நாற்றமடித்தால் மாற்றுங்கள், குளோரின் கலந்த குழாய் நீரை ஒருநாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

இவை சரியாக இருந்தும் தின்னவில்லை என்றால் உடலைக் கவனியுங்கள். தீனியை நோக்கிப் பாய்ந்து, குறி தவறி வெறும் தண்ணீரைக் கவ்வினால், இமைகள் உப்பிக் கண்ணை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளர்ந்த குட்டிகளிடம், வைட்டமின் ஏ குறைபாட்டால் இது அடிக்கடி வரும். அதற்காக மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுத்தால், அளவு மீறித் தோல் உரிந்துபோகும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், ஒரு பக்கம் சாய்ந்து மிதத்தல் ஆகியவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். வளர்ந்த பெண் ஆமை அமைதியின்றிப் பின்னங்காலால் தோண்டிக்கொண்டேயிருந்தால் முட்டையிட இடம் தேடுகிறது. ஆண் துணை இல்லாமலும் அது முட்டையிடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். தொட்டியில் சிறு கூழாங்கற்கள் இருந்து, கழிவும் வராவிட்டால், கல்லை விழுங்கியிருக்க வாய்ப்புண்டு.

தீனிக்கு வருவோம். ஆமை வெயில் காய்ந்து இறங்கியபின், காலையில் கொடுங்கள். நெளியும் மண்புழு ஒன்று பசியைத் தூண்டுவதுபோல வேறெதுவும் தூண்டாது. ஆனால் பூச்சிமருந்து படாத மண்ணிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். வயது ஏற ஏற இவை தழை பக்கம் சாயும் என்பதால், பெரிய ஆமை குச்சித் தீனியை ஒதுக்குவது நோயாகாது. துருவிய கேரட்டையும், மெல்லிய பரங்கிக்காய்த் துண்டையும் மிதக்கவிட்டுப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓட்டைத் தொட்டியில் போட்டுவைக்கலாம்.

வளர்ந்த, திடமான ஆமை ஒரு வாரம் தின்னாவிட்டாலும் தாங்கும். உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்கு மூன்று நான்கு நாளே அதிகம். மேலே சொன்ன உடல் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும், சமையலறைத் தராசில் எடை குறைந்துகொண்டே வந்தாலும் காத்திருக்கக் கூடாது. நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவரைவிட, ஊர்வன பார்த்துப் பழகியவரே நல்லது. அப்படி யாரும் தெரியாவிட்டால், வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் விசாரிக்கலாம். தண்ணீரில்லாத பெட்டியில் ஈரத்துணி விரித்து, மூடியில் துளையிட்டுக் கொண்டுசெல்லுங்கள். தொட்டியின் படம், வெப்ப அளவு, எடைக் குறிப்பு, கொடுத்துவந்த தீனியின் பொட்டலம் ஆகியவற்றையும் எடுத்துச் சென்றால், மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை இருக்கும். ஆமையைத் தொட்ட கையில் சால்மொனெல்லா கிருமி ஒட்டியிருக்கலாம் என்பதால், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; எடை பார்த்த தராசையும் துடைத்துவிடுங்கள்.