தீப்பெட்டி, சூடம், தேங்கா நார்: ஈரமும் ஆகாம ஆபத்தும் இல்லாம வீட்ல வெக்கிறது எப்படி

ஏற்காட்டுல விறகு பாய்லர் வெச்சிருக்கிற வீட்ல எல்லாம் இந்தப் பிரச்சனை இருக்குங்க. மழை பிடிச்சு பனிமூட்டம் இறங்கிடுச்சுன்னா தீப்பெட்டி நமுத்துப் போயிரும், தேங்கா நார் ஈரம் கோத்துக்கும், காலையில சுடுதண்ணி வெக்க உக்காந்தா குச்சி குச்சியா ஒரசி பெட்டியே காலியாயிரும். அதனால என்ன பண்றாங்கன்னா எல்லாத்தையும் பாய்லர் மேலயோ அடுப்புத் திட்டுலயோ வெச்சிடறாங்க, காஞ்சு கிடக்கட்டும்னு. ஒரு பொறி தெறிச்சா போதும், மொத்தமும் பத்திக்கும். காய வெக்கிறது ஒரு வேலை, காஞ்சத காஞ்ச மாதிரியே வெச்சிருக்கிறது வேற வேலை, ரெண்டாவதுக்கு சூடே தேவையில்ல, இறுக்கமான மூடி இருந்தா போதும். எங்க வீட்ல இப்போ மழைக்காலத்துலயும் முதல் குச்சியிலயே பத்துது, எப்படின்னு சொல்றேன்.

ஸ்டெப் 1: பிரிச்சுக்கோங்க

தீய உண்டாக்குறது தனி, அதாவது தீப்பெட்டி, லைட்டர். எரியிறது தனி, அதாவது நார், பேப்பர், கவாத்து பண்ணின காபிக்குச்சி, சில்வர் ஓக் சருகு, மெழுகு ஊத்தின மரத்தூள் கட்டி. சூடம் இதுல எதோடயும் சேராது, அதுக்குன்னு ஒரு டப்பா. தீபாவளியில மிஞ்சின கம்பி மத்தாப்பு, பட்டாசு எதையும் இந்த டப்பாக்கள்ல போடவே கூடாது.

ஸ்டெப் 2: காய வெக்கிறது

ரொம்ப நாள் எனக்குப் பிடிபடாம இருந்தது இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். காலையில வெயில்ல போட்டு சாயங்காலம் எடுத்து இறுக்கமா மூடி வெச்சாலும் ரெண்டு நாள்ல டப்பா உள்சுவத்துல முத்து முத்தா தண்ணி நிக்கும். காரணம் என்னன்னா இந்த மலையில மூணு, நாலு மணிக்கே பனி இறங்க ஆரம்பிச்சிரும், அந்த நேரத்துல வெளிய கிடக்குற நார் காத்துல இருக்கிற ஈரத்த எல்லாம் திரும்ப உறிஞ்சிக்கும், நாம அந்த ஈரத்தையும் சேர்த்து உள்ள போட்டு மூடிடறோம். ராத்திரி குளிர்ல அது தண்ணியா படியுது. அதனால பதினொரு மணிக்கு மேல போட்டு ரெண்டு மணிக்குள்ள எடுத்துரணும், எடுத்ததும் நிழல்ல பத்து நிமிஷம் ஆற விட்டு, சூடு போனதும் உடனே மூடணும். குச்சிய ஒடிச்சா படக்குன்னு ஒடியணும், பேப்பர கசக்குனா சத்தம் வரணும், வளைஞ்சு குடுத்துச்சுன்னா இன்னும் காயல.

மெழுகு கட்டிய வெயில்ல போடாதீங்க, இளகிரும். நமுத்த தீப்பெட்டிய அடுப்புகிட்ட வெச்சு தேத்துற வேலையே வேணாம், தண்ணியில நல்லா ஊற வெச்சு குப்பையில போட்டுட்டு புதுசு எடுங்க.

ஸ்டெப் 3: டப்பா

எவர்சில்வர் சம்படம்தான் என்னோட சாய்ஸ். பழைய முறுக்கு டின்னும் ஓகே. பிளாஸ்டிக் டப்பாவ எலி கடிச்சிரும், சூடு பட்டா உருகும், தீ பிடிச்சா அதுவும் சேர்ந்து எரியும்.

தீக்குச்சி தலையில பொட்டாசியம் குளோரேட், பெட்டி பக்கவாட்டுல சிவப்பு பாஸ்பரஸ், ரெண்டும் ஒரசினாத்தான் தீ. அதனால குச்சிய உதிரியா கொட்டி வெக்காதீங்க, பாதி திறந்த பெட்டியையும் உள்ள போடாதீங்க. 2021 டிசம்பர்ல ஒரு ரூபா பெட்டி ரெண்டு ரூபா ஆனதுல இருந்து பண்டலா வாங்கி அடுக்குறவங்க ஜாஸ்தி, அந்த பண்டல் கவர பிரிக்காம அப்படியே சம்படத்துல வெச்சிட்டு ஒவ்வொண்ணா எடுங்க.

ஈரம் உறிஞ்ச, உப்பு ஜாடியில அரிசி போடுற மாதிரி சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போடுங்க. செருப்பு டப்பாவுல வர்றதே போதும், ஆனா ஆரஞ்சு கலர் மணி வாங்கினா ஈரம் நிரம்பினதும் பச்சையா மாறிக் காட்டிடும், நான் அததான் சொல்லுவேன். சுட்ட சுண்ணாம்புக் கல்லு மட்டும் போடாதீங்க. அதுவும் ஈரத்த உறிஞ்சும்தான், ஆனா தண்ணி பட்டா சூடு கக்கும், நாருக்கும் பேப்பருக்கும் நடுவுல அது இருக்கவே கூடாது.

ஸ்டெப் 4: இடம்

அடுப்பு, பாய்லர், சாமி விளக்கு எதுல இருந்தும் மூணு அடியாவது தள்ளி, பிள்ளைங்க கைக்கு எட்டாத உயரத்துல. கேஸ் சிலிண்டர் இருக்கிற ஷெல்ஃப்ல வேணாம். கீழ சேலத்துல இருக்கிறவங்களுக்கு ஈரம் பிரச்சனையில்ல, வெயில்தான். மே மாசம் 40 டிகிரி அடிக்கிறப்போ தகர ஷீட்டுக்கு அடியில இருக்கிற அட்டாலி எவ்ளோ கொதிக்கும்னு பாருங்க, அங்க மெழுகு கட்டி, லைட்டர் ரெண்டும் வெக்காதீங்க. லைட்டர் மேலயே 50 டிகிரிக்கு மேல சூடு படக்கூடாதுன்னு போட்டிருக்கும், வெயில்ல நிக்கிற காருக்குள்ள அத சுலபமா தாண்டிரும்.

மண்ணெண்ணெய் இருந்தா அதுக்கான கேன்லயே வெச்சு வெளிய பெயர் எழுதுங்க, தண்ணி பாட்டில்ல ஊத்தவே ஊத்தாதீங்க, பிள்ளைங்க தண்ணின்னு குடிச்சிடறாங்க. பெட்ரோல் ஊத்தி அடுப்பு பத்த வெக்கிற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்ருங்க, அதோட ஆவி நீங்க நிக்கிற இடம் வரைக்கும் பரவி பத்தும்.

அப்டேட்: சூடத்த ஏன் தனியா வெக்கணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒண்ணு, மூடி லூசா இருந்தா அது காத்துலயே கரைஞ்சு போயிரும், அந்த ஆவியும் எரியும். ரெண்டு, அந்துருண்டையோட சேர்த்து வெச்சா வெயில் காலத்துல ரெண்டும் இளகி பிசுபிசுன்னு ஆயிரும். மூணாவதுதான் முக்கியம், கல்கண்டு மாதிரி இருக்கறதால சின்னப் பிள்ளைங்க வாயில போட்டுக்கும், கொஞ்சம் உள்ள போனாலே வலிப்பு வரலாம். முழுங்கிட்டா வாந்தி எடுக்க வெக்காதீங்க, மிச்சம் இருக்கிற பாக்கெட்டயும் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மண்ணெண்ணெய் குடிச்சாலும் இதேதான். பூஜை ஷெல்ஃப்ல விளக்குக்குப் பக்கத்துல சூடம், திரி, எண்ணெய், தீப்பெட்டி நாலும் ஒண்ணா இருந்தா அன்னிக்குத் தேவையானத மட்டும் அங்க விட்டுட்டு மிச்சத்த மாத்திருங்க.

சாம்பல் பத்தியும் ஒருத்தர் கேட்டாங்க. பாய்லர் சாம்பலுக்குள்ள கங்கு மறுநாள் வரைக்கும் கூட உயிரோட இருக்கும், அதனால மூடி போட்ட தகர பக்கெட்ல அள்ளி, தண்ணி தெளிச்சு கிளறி, தொட்டா சில்லுன்னு இருந்தாத்தான் செடிக்குப் போடணும், மாசி பங்குனியில சருகு காஞ்சு கிடக்கிறப்போ இன்னும் ஒரு நாள் விட்டுப் போடுங்க.