ஐந்தாம் எண் சட்டையை 90 நிமிடம் பார்ப்பது எப்படி

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவளை இந்த வருடம் லெஃப்ட் பேக்கில், அதாவது பின்வரிசையில் இடது ஓரத்தைக் காக்கும் இடத்தில், நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், "கோல் போடத் தெரியாதவங்களைத்தானேப்பா பின்னால நிக்க வைப்பாங்க?" என்று கேட்டு அழுதாள். அன்று ராத்திரி அவளுக்கு ஜப்பான் அணியின் லெஃப்ட் பேக் யூட்டோ நாகாடோமோவின் கதையைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவருடைய பழைய ஆட்டங்களை இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். ஒரு டிஃபெண்டரின், அதாவது பின்னால் நின்று தடுப்பவரின், ஆட்டத்தைப் பார்க்க எங்களுக்குப் பழகிப்போன முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆளைத் தெரியாமல் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். நாகாடோமோ 1986இல் பிறந்தவர். ஊர், ஜப்பானின் எஹிமே மாகாணத்தில் உள்ள சைஜோ. உயரம் 170 சென்டிமீட்டர்தான். சொந்த மாகாணத்து கிளப்பின் சிறுவர் அணித் தேர்வில் அவரை எடுக்கவில்லை. மெய்ஜி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் முதுகெலும்பு வட்டு பிதுங்கி ஆட முடியாமல் போனது. அந்த நாட்களில் பார்வையாளர் பகுதியில் நின்று தன் அணிக்காக மேளம் அடித்தார். நடுக்களத்தில் ஆடியவர் பக்கவாட்டு டிஃபெண்டராக மாறியதும் அங்கேதான். இந்த இடம் வந்ததும் என் மகள் அழுகையை நிறுத்திவிட்டு, "அவரையும் மாத்தினாங்களா?" என்றாள். 2008இல் எஃப்சி டோக்கியோ கிளப்புக்குத் தொழில்முறை வீரராகப் போனார். அதே வருடம் தேசிய அணியிலும் இடம் கிடைத்தது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். 2010 ஜூன் 14, உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைன் நகரில் ஜப்பானும் கேமரூனும் மோதிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஆட்டமாக வேண்டும். ஐந்து நிமிடத் தொகுப்புக் காணொளியில் டிஃபெண்டர் தவறு செய்தால்தான் தெரிவார். அதைப் பார்த்து எதுவும் கற்க முடியாது.

முதல் பத்து நிமிடம் எப்போதும்போல் பந்தைப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பிடிபட வேண்டும். அதன்பிறகு பந்தை மறந்துவிட்டு ஜப்பானின் ஐந்தாம் எண்ணை மட்டும் தொடருங்கள். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், கண் தானாகப் பந்துக்கு ஓடும். பந்து எதிர்ப்பக்கம் போனால் அவர் திரையிலேயே இருக்க மாட்டார். அப்போது அவர் எந்த ஓரத்திலிருந்து, எந்த வேகத்தில் மறுபடி திரைக்குள் வருகிறார் என்று கவனியுங்கள். நல்ல லெஃப்ட் பேக், பந்து வலது பக்கம் இருக்கும்போது கோட்டோரத்தை விட்டு உள்ளே நகர்ந்து நடு டிஃபெண்டரை ஒட்டி வருவார். பந்து திரும்பும்போது, அது வந்து சேரும் முன்பே தன் ஆளிடம் போய்விடுவார். இந்த உள்ளே-வெளியே நடைதான் அவருடைய முக்கால்வாசி வேலை.

அந்த ஆட்டத்தில் அவருக்கு எதிரே வந்தவர் கேமரூனின் முன்கள வீரர் சாமுவேல் ஈத்தோ. சில வாரங்களுக்கு முன்புதான் இத்தாலியின் இன்டர் மிலான் கிளப்போடு ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றிருந்தார். கேமரூன் அவரை நடுவில் ஆடவிடாமல் வலது ஓரத்தில் நிறுத்தியது. ஈத்தோவுக்குப் பந்து வரும் ஒவ்வொரு தடவையும் மூன்றைப் பாருங்கள். நாகாடோமோ எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறார்? உடலை நேராக வைத்திருக்கிறாரா, ஒருக்களித்து நிற்கிறாரா? காலை எப்போது நீட்டுகிறார்? அவசரப்பட்டுக் காலை நீட்டும் டிஃபெண்டரைத் தாண்டிப்போக ஒரு நொடி போதும். ஒருக்களித்து நின்று காத்திருப்பவரைத் தாண்டுவது பெரும்பாடு.

பக்கத்தில் தாளும் பென்சிலும் இருக்கட்டும். எங்கள் கணக்கு எளிது. ஈத்தோ பந்தை முன்னால் கொண்டுபோனால் மேலே ஒரு கோடு, பின்னால் தட்டிவிட்டால் கீழே ஒரு கோடு. கீழ்க்கோடு ஒவ்வொன்றும் டிஃபெண்டருக்கு வெற்றி. கோல் போட்டவர் பெயர்தான் பலகையில் வரும், இந்தக் கோடுகளை யாரும் எண்ணுவதில்லை என்பதால்தான் நாம் எண்ண வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஈத்தோ பலரைத் தாண்டிப் போய்ச் சக வீரருக்குப் பந்தைத் தள்ளிக் கொடுப்பார். அந்த வீரர் அடிக்கும் ஷாட் வெளியே போகும். அந்தக் கோட்டையும் மறைக்காமல் மேலே போடுங்கள். ஜப்பான் வீரர் ஹோண்டா அடித்த ஒரே கோலில் ஜப்பான் வென்றது. அந்நிய மண்ணில் உலகக் கோப்பையில் ஜப்பான் பெற்ற முதல் வெற்றி அது.

அடுத்து 2011 ஜனவரி 29, தோஹாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆசியக் கோப்பை இறுதி. இங்கே தாளைத் திருப்பி, அவர் தாக்குதலுக்கு முன்னேறும் ஓட்டங்களை எண்ணுங்கள். பந்து கிடைக்காத ஓட்டங்களையும் சேர்த்துத்தான். ஜப்பான் ஆட்கள் மாற்றியபின் அவர் ஒரு படி முன்னால் ஆடத் தொடங்குவார். கூடுதல் நேரத்தில் 109வது நிமிடம், எல்லோரும் கால் தளர்ந்து நிற்கும்போது, வலதுகாலரான இவர் இடது ஓரமாகப் போய் இடது காலால் ஒரு கிராஸ் போடுவார், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்புவார். தனியாக நின்ற சக வீரர் தடனாரி லீ அதைக் காற்றிலேயே அடித்து வலைக்குள் அனுப்புவார். அந்தக் கிராஸுக்கு முந்தைய இருபது நிமிடத்தைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். இரண்டே நாளில், அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்த இத்தாலியின் சேசேனா கிளப்பிலிருந்து இன்டர் மிலான் அவரை எடுத்துக்கொண்டது. புளூம்ஃபான்டைனில் எதிரே நின்ற ஈத்தோ அங்கே சக வீரர் ஆனார்.

இன்டரில் ஏழு வருடம், பிறகு கலாட்டசராய், மார்சேய் கிளப்கள், 2021இல் மறுபடி எஃப்சி டோக்கியோ. இவற்றில் கையில் கிடைப்பதைப் பாருங்கள், வரிசை முக்கியமில்லை.

கடைசியாக 2022, கத்தாரில் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டம். நாகாடோமோவுக்கு அப்போது 36 வயது, நான்காவது உலகக் கோப்பை. 57வது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்து மிடோமாவை இறக்கினார்கள். அதுவரை ஜப்பான் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. அதன்பிறகுதான் இரண்டு கோல் போட்டு வென்றது. "அவர் போனப்புறம்தானே ஜெயிச்சாங்க?" என்று மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஆட்டத்தை முதல் நிமிடத்துக்குத் திருப்பி, தாளை அவளிடம் கொடுத்தேன். 57வது நிமிடத்தில் நிறுத்தி, கீழ்க்கோடுகளை விரல் வைத்து எண்ணினாள். பிறகு, "இன்னொரு தாள் குடுங்கப்பா, சனிக்கிழமை என் மேட்ச்சுக்கு நீங்க போடுங்க" என்றாள்.